கால்நடை செவிலியர் பயிற்சியில் சேருபவருக்கு ரேபிஸ் தடுப்பூசி: எத்தனை, எப்போது, எங்கே

குடியாத்தத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தங்கை கால்நடை செவிலியர் பயிற்சியில் சேரப்போகிறார். செய்முறை வகுப்புக்குள் விடுவதற்கு முன் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நாய் கடித்து ஊசி போட்டிருக்கிறார், அதைக் காட்டினால் போதுமா? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் "கடிபடாமல் ஊசி போட மாட்டோம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், வேறெங்கே போவது? சான்று கையில் வந்துவிட்டால் பிறகு நாய் கடித்தாலும் பயமில்லைதானே?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஆபத்து அதில்தான் இருக்கிறது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டவரும் கடிபட்டால் காயத்தைக் கழுவ வேண்டும், ஊசியும் போட வேண்டும். எண்ணிக்கைதான் குறையும். முன்பு போடாதவருக்குத் தோலிடை ஊசி (தோலின் அடுக்குக்குள் மட்டும் போடுவது) என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளிலும். தசை ஊசி என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை. முன்பே முழுமையாகப் போட்டவருக்கு 0, 3 ஆகிய இரண்டே நாட்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் ஊசி. இரண்டாவது லாபம் இதைவிடப் பெரியது: அவருக்கு இம்யூனோகுளோபுலின் (வைரஸை உடனே தடுக்கும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள் மருந்து) வேண்டாம்.

அந்த மருந்தின் கணக்கைப் பார்த்தால் அது ஏன் பெரிய விஷயம் என்று புரியும். குதிரையிலிருந்து எடுக்கும் வகையை உடல் எடையில் கிலோவுக்கு 40 யூனிட் வீதம் கொடுக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 2000 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் கொண்ட குப்பி என்றால் ஏறக்குறைய 6.7 மில்லி. முடிந்த அளவு அதைக் கடிவாயைச் சுற்றியும் உள்ளேயும் செலுத்த வேண்டும். விரல் நுனியில் கடி என்றால் அந்தச் சின்ன இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் வலியைச் சொல்லி முடியாது. மனித வகை கிலோவுக்கு 20 யூனிட் போதும், ஆனால் விலை ஆயிரக்கணக்கில் போகும். சிறிய சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் தடுப்பூசி இருக்கும், இந்த மருந்து இருக்காது. ஜவ்வாது மலையில் முகாமுக்குப் போன இடத்தில் கடிபட்டால் இதற்காகவே கீழே இறங்கி வர வேண்டியிருக்கும். முன்தடுப்பூசி போட்டவருக்கு அந்த ஓட்டம் இல்லை.

இப்போது அட்டவணை. இந்தியாவின் தேசிய வழிகாட்டுதல் விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் மூன்று தவணை சொல்கிறது: 0, 7, பிறகு 21 அல்லது 28-ம் நாள். பலர் தடுமாறுவது நாளை எண்ணுவதில். முதல் ஊசி போடும் தேதியே 0-ம் நாள். ஜூலை 1-ல் முதல் ஊசி என்றால் அடுத்தது ஜூலை 8, மூன்றாவது ஜூலை 22 அல்லது 29. ஜூலை 1-ஐ "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் எல்லாத் தவணையும் ஒரு நாள் முந்திவிடும். ஒரு நாள் பிசகினால் ஊசி கெட்டுவிடாது, ஆனால் சான்றைச் சரிபார்க்கும் எழுத்தர் அதைப் பிடித்துக்கொள்வார். ஒரு தவணை தவறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதமாகப் போட்டாலும் போட்ட தேதியையே அட்டையில் எழுதச் சொல்லுங்கள், அட்டவணைத் தேதியை அல்ல.

உலக சுகாதார அமைப்பு 2018-ல் இதை இரண்டு வருகையாகக் குறைத்தது: 0, 7 ஆகிய நாட்கள் மட்டும், தோலிடை என்றால் ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில். அமெரிக்காவும் 2022-ல் 0, 7 என்ற இரண்டு தவணைக்கு மாறியது. நம் கல்லூரிகளில் மூன்று கேட்பதே வழக்கம் என்பதால் மூன்றையும் திட்டமிடுங்கள். சேர்க்கைக் கடிதம் தாமதமாக வந்து பத்து நாள்தான் இருக்கிறது என்றால் 0, 7 இரண்டையும் போட்டுவிட்டு, மூன்றாவது தேதியைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாம். அதற்கு இடம் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு. ஆனால் மூன்றாவது ஊசி போடும்வரை நாய், பூனைக் கூண்டுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம், செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம். இரண்டு தினங்களை ஒட்டியும் கால்நடை மருத்துவமனைகளில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும், முதலாண்டு மாணவர்களையும் நாயைப் பிடிக்க நிறுத்துவார்கள். வாசலில் ஐம்பது அறுபது நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைத்துக்கொண்டிருக்கும் இடம் அது. சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தங்கையின் பழைய ஊசி பற்றி. நவீன திசு வளர்ப்புத் தடுப்பூசியை (ஆய்வகச் செல்களில் தயாரிப்பது) முழு அட்டவணைப்படி போட்டு, அந்த அட்டையும் கையில் இருந்தால், அவர் முன்பே தடுப்பூசி பெற்றவராகவே கணக்கு. கல்லூரி அதை ஏற்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சிலர் ஒரு பூஸ்டர் (கூடுதல் ஊசி) கேட்பார்கள். அட்டை தொலைந்துவிட்டால், "நாலு ஊசி போட்டோம்னு ஞாபகம்" என்பது கணக்கில் வராது, புதிதாக மூன்றும் போட்டுவிடுவதே சரி. கூடுதலாகப் போட்டதால் தீங்கு எதுவும் இல்லை. இன்னொன்று: நாய் பத்து நாள் கழித்தும் நன்றாக இருக்கிறது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்தியவர்கள் நம் ஊரில் ஏராளம். அப்படி நிறுத்தியிருந்தாலும் முழு மூன்று தவணையையும் போடுங்கள். தாத்தா காலத்தில் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய மருந்து. அந்த முறையை நாடு கைவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தப் பயத்தில் தங்கையைத் தடுக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால், இப்போது போடுவது தோளில், கொசுக்கடி அளவு வலி என்று சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் இலவச மருந்து கடிபட்டு வருகிறவர்களுக்காக இருப்பு வைப்பது, அதனால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அதற்காகச் சண்டை போட வேண்டாம். கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தோடும் தடுப்பூசி தேவை என்ற முதல்வரின் கடிதத்தோடும் குடியாத்தம் அரசு மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மருத்துவ அலுவலரைப் பார்த்துக் கேளுங்கள். வழி தெரியாவிட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண் இருக்கிறது. தனியாரில் என்றால் ஒரு குப்பி சில நூறு ரூபாய், மூன்று தவணைக்கு மூன்று குப்பி. ரேபிஸ் ஊசி போடுகிற எந்தப் பொது மருத்துவரும் போடலாம். மருந்துக்கடையில் நீங்களே வாங்கிக்கொண்டு போவதானால் ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, வேலூர் மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் அரை மணி நேரம் கிடந்தால் அதை நம்ப முடியாது. உறையவும் கூடாது, ஐஸ் மேலேயே நேராகப் படும்படி வைக்காதீர்கள்.

வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் செய்தால் செலவு வெகுவாகக் குறையும். தசை ஊசியில் ஒருவருக்கு ஒரு முழுக் குப்பி. தோலிடை ஊசியில் ஒரு தவணைக்கு 0.1 மில்லிதான். அரை மில்லிக் குப்பியில் கழிவு போக நான்கு பேருக்குப் போடலாம். இருபது மாணவர்கள் ஒரே நாளில் வந்தால் ஒரு தவணைக்கு ஐந்து குப்பி, மூன்று தவணைக்குப் பதினைந்து. தசை ஊசி என்றால் அறுபது. கரைத்த மருந்தை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால்தான் தனி ஆளாகப் போனால் தனியார் மருத்துவர் தோலிடை முறைக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். கல்லூரி நிர்வாகத்திடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். வளாகத்திலேயே மூன்று நாள் முகாம் வைத்துவிடலாம்.

தோலிடை ஊசி போடுவதில் தவறுகள் நடக்கும், தங்கை கவனிக்க வேண்டியவை இவை. இடம் மேற்கையின் தோள்தசைப் பகுதி. ஊசியைத் தோலோடு ஏறக்குறைய படுக்கவைத்துச் செலுத்த வேண்டும். சரியாகப் போனால் அந்த இடத்தில் ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி புள்ளியாக ஒரு சிறிய கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது என்று பொருள். கொஞ்சம் தள்ளி மறுபடி போடச் சொல்ல வேண்டும். தேய்க்கக் கூடாது. அளவில் நடக்கும் பிழை இன்சுலின் சிரிஞ்சால் வருவது: நம் ஊரில் கிடைப்பதில் 40 யூனிட் வகையும் உண்டு, 100 யூனிட் வகையும் உண்டு. 0.1 மில்லி என்பது முதலாவதில் 4 யூனிட் குறி, இரண்டாவதில் 10 யூனிட் குறி. மாற்றி எடுத்தால் பாதிக்கும் குறைவாகவோ இரண்டு மடங்குக்கும் மேலாகவோ போய்விடும். குப்பி 1 மில்லியாக இருந்தாலும் அரை மில்லியாக இருந்தாலும் தோலிடை அளவு அதே 0.1 மில்லிதான். கடையில் கிடைக்கும் தடுப்பூசிகளில் ராபிபூர் 1 மில்லி, அபயராப் அரை மில்லி. "பெரிய குப்பி, அதனால் இரண்டு மடங்கு" என்று யாராவது கணக்குப் போட்டால் தடுத்து நிறுத்துங்கள். தசை ஊசியும் தோளில்தான். புட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கி எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது, அப்படிப் போட்டதைச் செல்லாத தவணையாகக் கருதித் திரும்பப் போட வேண்டும்.

மூட்டுவலிக்கோ வேறெதற்கோ ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், குளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் தோலிடை முறையைத் தவிர்த்துத் தசையில் போட வேண்டும், அந்த மருந்து தோலிடை ஊசியின் பலனைக் குறைக்கும். ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு மருந்தோ எடுக்கிறவர் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஊசி முடிந்ததும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் கோழிக்கரு செல்லில் தயாரான ராபிபூருக்குப் பதில் வீரோ செல்லில் (குரங்குச் சிறுநீரகச் செல் வகை) தயாரான வகையைக் கேளுங்கள். காய்ச்சல் இருந்தால் முன்தடுப்பூசியைச் சில நாள் தள்ளிப்போடலாம். கடிபட்ட பிறகு போடும் ஊசிக்கு மட்டும் எந்தக் காரணமும் சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. மாதவிலக்கு நாளில் போடக் கூடாது, கறி மீன் சாப்பிடக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதெல்லாம் வெறும் பேச்சு. பத்தியம் எதுவும் கிடையாது. ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, அரிப்பு, ஓரிரு நாள் உடம்பு வலி வரலாம். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வரட்டும்.

மாணவர்கள் எல்லோரும் நாயைப் பார்த்துத்தான் உஷாராக இருப்பார்கள். நம் பக்கத்தில் ஏமாற்றுவது மாடு. பசு இரண்டு நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, வாயில் எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை என்று வருவார்கள். "மாங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும், கையை விட்டுப் பாருங்க" என்பார் உரிமையாளர். மாம்பழப் பருவத்தில் அது நம்பும்படியாகவும் இருக்கும். ரேபிஸ் வந்த மாட்டுக்கும் தொண்டைத் தசை செயலிழந்து இதே தோற்றம்தான் வரும். கூடவே குரல் கரகரத்து அடிக்கடி கத்துவது, சாணம் வராமல் முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, திடீரென முட்ட வருவது என்று அடையாளங்கள் இருக்கும். எல்லா மாட்டிலும் எல்லாம் தெரியாது. சில மாடுகள் அமைதியாகச் சுருண்டுவிடும். அதனால் எச்சில் ஒழுகி விழுங்க முடியாத மாட்டை, வேறு காரணம் உறுதியாகும் வரை, ரேபிஸ் என்றே எண்ணிக் கையாள வேண்டும். கையுறை இல்லாமல் வாய்க்குள் கை விடக் கூடாது, மூங்கில் குழாயில் மருந்து ஊட்டக் கூடாது. வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் மருத்துவர் இருக்கும்போது, தடித்த கையுறையோடு, முகக் கவசத்தோடு. நீள பிளாஸ்டிக் கையுறை சினைப் பரிசோதனைக்கானது, அது பல்லைத் தாங்காது. பின்னோக்கி விசாரிக்கும்போது "நாய் கடிச்சுதா?" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். கடித்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், கடித்துச் சில வாரமோ மாதமோ கழித்துத்தான் நோய் வெளிப்படும். தெருவில் வெறிபிடித்த நாய் சுற்றியதா, அடித்துக் கொன்றார்களா, பக்கத்து வீட்டு மாடு ஏதாவது செத்ததா என்று கேட்டால் விஷயம் வரும். பொய்கைச் சந்தையில் வாங்கி வந்த மாடு என்றால் பழைய கதை யாருக்கும் தெரியாது.

எச்சில் காயமில்லாத தோலில் பட்டால் கழுவினால் போதும். நகக்கண் பிய்ந்த இடம், வெடிப்பு, புல் கீறிய கோடு, கண், உதடு இவற்றில் பட்டால் அது மூன்றாம் வகைத் தொடர்பு (மிகவும் ஆபத்தான வகை), கடிக்குச் சமம். வைக்கோலும் தீவனமும் தொடும் கையில் கீறல் இல்லாத நாள் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்குப் பயம் தேவையில்லை. பிரேதப் பரிசோதனையில் மண்டையை உடைத்து மூளையை எடுக்கும் வேலைக்குத் தடுப்பூசி முடிக்காதவர் பக்கத்தில் நிற்கவே கூடாது. மற்றவர்களும் கண்ணாடியும் முகக் கவசமும் இல்லாமல் நிற்கக் கூடாது.

கடியோ கீறலோ பட்டுவிட்டால் முதல் வேலை குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம். இரண்டு நிமிடம் கழுவிவிட்டு முடித்ததாக நினைப்பதே எல்லோரும் செய்வது. பிறகு போவிடோன் அயோடின். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். கட்டு இறுக்கிப் போடக் கூடாது, தையலும் கூடாது. ரத்தம் நிற்காத அளவு கிழிந்திருந்தால் என்ன செய்வது என்று மருத்துவர் முடிவு செய்வார். முன்தடுப்பூசி போட்டவருக்கு அன்றே (0-ம் நாள்) முதல் ஊசி, 3-ம் நாள் இரண்டாவது. போகும்போதே "முன்தடுப்பூசி போட்டிருக்கிறேன்" என்று அட்டையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் முழு அட்டவணையையும் தொடங்கிவிடுவார்கள். நாய், பூனை என்றால் பத்து நாள் கட்டி வைத்துப் பார்ப்பது உண்டு, ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மாட்டுக்கும் குரங்குக்கும் இந்தப் பத்து நாள் கணக்குப் பொருந்தாது. பயிற்சிக் கூடத்தின் கடிப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள். திட்டு விழும் என்று மறைக்கிற மாணவர்தான் இரண்டாவது ஊசியையும் விட்டுவிடுகிறார்.

செய்யவே கூடாத குறுக்குவழி ஒன்று உண்டு. நாய்க்குப் போடும் ரேபிஸ் குப்பி கையருகிலேயே இருக்கிறது, இதுவும் செத்த வைரஸ்தானே என்று தனக்கே போட்டுக்கொள்வது. அதன் அளவும் சேர்மானமும் மனிதருக்கானவை அல்ல, எந்தச் சான்றிலும் ஏறாது. முகாமில் நாய்க்குப் போடும்போது அந்த ஊசி தவறிக் கையில் குத்தினால் அதனால் ரேபிஸ் வராது. ஆனால் ஊசி அதற்கு முன் நாயின் வாய்ப்பக்கம் பட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சான்றில் இருக்க வேண்டியவை: பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு தவணையின் தேதி, மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி, தோலிடையா தசையா, அளவு, மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும். "ரேபிஸ் தடுப்பூசி போடப்பட்டது" என்று ஒரு வரி எழுதிய லெட்டர்பேடு பிறகு எங்கும் உதவாது. தொகுதி எண் ஸ்டிக்கரைக் குப்பியிலிருந்து உரித்து அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். கைப்பேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

வேலையில் தொடர்பவருக்கு ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவு மில்லிக்கு 0.5 யூனிட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை பார்த்து, குறைந்திருந்தால் ஒரு பூஸ்டர் போடுவது கால்நடை ஊழியர்களுக்கான வழக்கம். ஆய்வகத்தில் வைரஸையே கையாளுபவர்களுக்கு ஆறு மாதம். இதற்கான நம்பகமான பரிசோதனை எல்லா லேபிலும் கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் இதற்குப் பெயர்பெற்ற இடம். சாதாரண உடல்நலமுள்ள மாணவருக்கு ஊசி முடிந்த கையோடு இந்தப் பரிசோதனை தேவையில்லை. கல்லூரி கேட்டால் கடைசி ஊசிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கட்டும், முந்திக் கொடுத்தால் அளவு இன்னும் ஏறியிருக்காது.

பிறகு வெளிநாட்டில் கால்நடை செவிலியர் படிப்புக்குப் போகும் எண்ணமிருந்தால், நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் தரை விலங்குகளிடம் ரேபிஸ் இல்லை. அங்கே வௌவால்களையோ தனிமைப்படுத்தப்பட்ட விலங்குகளையோ கையாளுபவர்களுக்குத்தான் முன்தடுப்பூசி. ஆஸ்திரேலியாவில் வௌவால் லிஸ்ஸா வைரஸ் (ரேபிஸ் வைரஸின் நெருங்கிய இனம்) காரணமாக வௌவாலைத் தொடுபவர்களுக்கு வலியுறுத்துகிறார்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்க்கையிலேயே கேட்கும், அங்கே ஊசியின் விலை நம் ஊர் விலையைப் போலப் பல மடங்கு. விமானம் ஏறுவதற்கு முன் வேலூரிலேயே முடித்து, ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.